வாசகர் கேள்வி பதில்: பிளாஸ்டிக் தாளுக்குள் எவ்வளவு வாயு?

பொட்டலத் தாள்களும் வாயுக்களும் பற்றித் தென்னாப்பிரிக்க வாசகர்கள் கேட்ட ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில். எல்லாப் பதில்களிலும் கரைந்த வாயுவின் அளவை 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மாற்றிய கன அளவாகத்தான் சொல்கிறோம். அழுத்தம் எங்கும் பார் அலகில்.

கேள்வி (லெனேசியா): முறுக்கும் காராசேவும் செய்து, 20க்கு 30 செ.மீ. எல்டிபிஇ (குறைந்த அடர்த்திப் பாலிதீன்) பையில் நைட்ரஜன் நிரப்பி ஒட்டி, டர்பன் கடைகளுக்கு அனுப்புகிறோம். தாளின் தடிமன் 50 மைக்ரான் (0.05 மி.மீ.). இங்கே உப்பலாக இருக்கும் பை அங்கே போய்ச் சேரும்போது தொய்ந்து கிடக்கிறது. பிளாஸ்டிக்கே நைட்ரஜனை உறிஞ்சிவிடுகிறதா?

பதில்: உறிஞ்சுகிறது, ஆனால் பை தொய்யும் அளவுக்கு இல்லை. உங்கள் பையின் இரண்டு பக்கமும் சேர்ந்து 1,200 சதுர செ.மீ. அதை 50 மைக்ரானால் பெருக்கினால் பையில் உள்ள பிளாஸ்டிக் 6 கன செ.மீ. அறை வெப்பத்தில் ஒரு கன செ.மீ. எல்டிபிஇ, ஒரு பார் அழுத்தத்தில் சுமார் 0.023 கன செ.மீ. நைட்ரஜனைத்தான் கரைத்துக்கொள்ளும். மொத்தப் பைக்கும் சேர்த்து 0.14 கன செ.மீ., அதாவது இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரின் அளவு.

தொய்வுக்குக் காரணம் மலை இறக்கம். நீங்கள் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 0.83 பார், டர்பன் கரையில் 1.01 பார். 0.83 பாரில் அடைத்த வாயு கடற்கரைக்கு இறங்கினால் கன அளவில் 82 விழுக்காடாகச் சுருங்கும். ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது நடக்கும். தொய்ந்த பைகளில் நாலைந்தை அதே வண்டியில் லெனேசியாவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மேலே வந்ததும் பழையபடி உப்பினால் பையில் குறை இல்லை. உப்பாமல் கிடக்கும் பையைத் தண்ணீர் வாளியில் அமுக்கிப் பாருங்கள், ஒட்டின் எந்த மூலையில் குமிழி வருகிறதென்று தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வெறும் எல்டிபிஇ ஆக்சிஜனைத் தடுக்காது. உங்கள் அளவுப் பையில் கடல்மட்டத்தில் நாளொன்றுக்கு 100 கன செ.மீ. அளவுக்கு ஆக்சிஜன் உள்ளே நுழைகிறது; நைட்ரஜன் வெளியேறுவது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை லிட்டர் வாயு உள்ள பையில் முதல் நாளே ஆறு விழுக்காடு ஆக்சிஜன் சேர்ந்துவிடும். பை உப்பலாகவே நிற்கும், உள்ளே முறுக்கு காறலடிக்கும். நைட்ரஜனுக்குச் செலவு செய்வதானால் அலுமினியப் பூச்சுள்ள தாளையோ, ஈவிஓஹெச் (ஆக்சிஜனைத் தடுக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) அடுக்குள்ள தாளையோ வாங்குங்கள். இல்லையென்றால் அந்த நைட்ரஜன் செலவு வீண்.

கேள்வி (பைன்டவுன்): எங்கள் தொழிற்சாலையில் சிறிய தர ஆய்வகம் இருக்கிறது. எல்டிபிஇ தாளில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் எவ்வளவு கரைகின்றன என்று நாங்களே அளக்க முடியுமா? அழுத்தம் குறைவதை வைத்து அளக்கும் முறைக்கு என்னென்ன பாகங்கள் வேண்டும், எங்கே தவறும்?

பதில்: முடியும். கருவி எளிமையானது. இரண்டு எஃகுக் கலன்கள், நடுவில் ஒரு வால்வு. முதல் கலனில் தெரிந்த அழுத்தத்தில் வாயுவை அடைக்கிறோம். இரண்டாவதில் தாளைச் சுருட்டி வைத்து வெற்றிடமாக்குகிறோம். நடு வால்வைத் திறந்தால் வாயு பரவி அழுத்தம் குறையும்; கன அளவுகளைக் கொண்டு கணக்கிட்டதைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைந்ததோ, அவ்வளவு வாயு தாளுக்குள் போயிருக்கிறது. தொல்லை என்னவென்றால், நமக்கு வேண்டிய எண் இரண்டு பெரிய எண்களுக்கு நடுவிலான சிறிய வித்தியாசம். ஆகவே தாளை அளப்பதைவிடத் தாளைச் சுற்றியுள்ளவற்றை அளப்பதில்தான் கவனம் போக வேண்டும்.

பாகங்கள்: 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் 20 கன செ.மீ. கலன் ஒன்று, 12 கன செ.மீ. கலன் ஒன்று, கால் அங்குலக் குழாய், கம்ப்ரஷன் ஃபிட்டிங், பெல்லோஸ் வால்வு மூன்று (வாயு வரவு, நடு வால்வு, வெற்றிட பம்ப் பக்கம்), 10 பார் வரை முழு அழுத்தம் (வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டது) காட்டும் டிரான்ஸ்டூசர் என்ற அழுத்த உணரி, 0.1 விழுக்காடு துல்லியம் அல்லது அதற்கு மேல். சுழல் வெற்றிட பம்ப். ஒரு பாதுகாப்பு வால்வு. கலன்கள் முழுதும் மூழ்கும் நீர்த்தொட்டி, வெப்பம் 0.1 டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது. அழுத்தம் ஏறும் இடத்தில் கண்ணாடி எங்கும் வேண்டாம். இதே கருவியில் பின்னால் ஆக்சிஜன் அளக்க நினைத்தால், குழாயிலும் வால்விலும் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. எண்ணெய் பம்ப் பயன்படுத்திய கருவியை ஆக்சிஜனுக்கு எடுக்கவே வேண்டாம்.

முதல் வேலை கலன்களின் கன அளவை அறிவது. வரைபடத்தில் போட்ட அளவை நம்பாதீர்கள்; குழாயும் வால்வின் உட்புறமும் அதில் சேராது. ஹீலியத்தை முதல் கலனில் 10 பாருக்கு அடைத்து, வெறும் இரண்டாம் கலனுக்குள் விரியவிடுங்கள். இரண்டு அழுத்தங்களின் விகிதம் 1.600 என்று வைத்துக்கொள்வோம். பிறகு 10 மி.மீ. விட்டமுள்ள பேரிங் குண்டுகள் பத்தை இரண்டாம் கலனில் போட்டு மீண்டும் செய்யுங்கள். பத்துக் குண்டின் கன அளவு 5.236. இப்போது விகிதம் 1.338 வந்தால், வித்தியாசம் 0.262; 5.236ஐ அதனால் வகுத்தால் முதல் கலன் 20.0 கன செ.மீ. இரண்டாவது அதில் 0.6 பங்கு, 12.0. நாலைந்து முறை செய்து, எண்கள் ஆயிரத்தில் ஒன்றுக்குள் ஒத்துப்போகும்வரை மேலே போக வேண்டாம்.

அடுத்தது தாள். 5 கன செ.மீ. தாள் என்றால் எல்டிபிஇயில் சுமார் 4.6 கிராம், 50 மைக்ரானில் 1,000 சதுர செ.மீ. அதை அப்படியே இறுக்கிச் சுருட்டினால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு தடித்த கட்டியாகிவிடும். தடிமன் இரட்டித்தால் வாயு புகும் நேரம் நான்கு மடங்கு. மெல்லிய எஃகு வலையை இடையில் வைத்துச் சுருட்டுங்கள், வலையின் கன அளவை எடையிலிருந்து கணக்கிட்டுக் கழித்துவிடுங்கள். தாளை எடைபோட்டு அடர்த்தியால் வகுப்பதைவிட, கலனில் வைத்த பிறகு ஹீலியம் விரிவாலேயே அதன் கன அளவை எடுப்பது மேல். ஹீலியம் எல்டிபிஇயில் மிகக் குறைவாகவே கரையும். அடர்த்தியில் ஒரு விழுக்காடு பிசகினால்கூட விளைவில் கார்பன் டை ஆக்சைடுக்கு நாலு விழுக்காடு, நைட்ரஜனுக்கு நாற்பது விழுக்காடு பிசகும்.

பிறகு இரவு முழுதும் வெற்றிடம். டர்பன் பக்கத்து ஈரக்காற்றில் கிடந்த தாளில் தண்ணீரும் காற்றும் இருக்கும். எல்டிபிஇக்கு ஈரம் பெரிய பிரச்சினை இல்லை. நைலானுக்கும் ஈவிஓஹெச்சுக்கும் அது எண்ணையே மாற்றிவிடும்.

இப்போது கார்பன் டை ஆக்சைடு. 25 டிகிரியில் முதல் கலனில் 10 பார். வெப்பம் அடங்க அரைமணி விட்டு, நடு வால்வைத் திறந்து உடனே மூடாமல் அப்படியே வையுங்கள். வாயு 20 கன செ.மீட்டரிலிருந்து 27க்கு விரிகிறது. இலட்சிய வாயு (அழுத்தமும் கன அளவும் சரியான எதிர்விகிதத்தில் மாறும் வாயு) என்று கணக்குப் போட்டால், தாள் எதையும் கரைக்காவிட்டால் 7.41 பார் நிற்க வேண்டும். கருவி 7.16 காட்டும். வித்தியாசத்தைத் தாளின் கணக்கில் எழுதினால் கரைதிறன் (ஒரு கன செ.மீ. தாள் ஒரு பாரில் கரைக்கும் வாயு) 0.17 என்று வரும். இது தவறு. கார்பன் டை ஆக்சைடு 10 பாரில் இலட்சிய வாயு இல்லை. இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் அதன் அமுக்கக் காரணி 10 பாரில் 0.95, 7 பாரில் 0.965. அதைச் சேர்த்தால் தாள் இல்லாதபோது நிற்க வேண்டியது 7.51 பார். உண்மையான குறைவு 0.35 பார், கரைதிறன் கன செ.மீட்டருக்கு ஒரு பாருக்கு 0.25. எல்டிபிஇக்கு அறியப்பட்ட அளவும் இதுதான். காரணியை விட்டுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மாயமாகிவிடுகிறது. முதன்முதலில் இப்படி அளப்பவர்களின் எண்கள் குறைவாக வர இதுதான் வழக்கமான காரணம்.

இதை உறுதிசெய்யும் சோதனை ஒன்று உண்டு. எவ்வளவு அவசரமானாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். தாளுக்குப் பதில் அதே கன அளவு எஃகுக் குண்டுகளை வைத்து, அதே கார்பன் டை ஆக்சைடு, அதே அழுத்தம், அதே நேரம். எஃகு வாயுவைக் கரைக்காது. ஆகவே கணக்கு சரியாகச் சுழியம் தர வேண்டும். தராவிட்டால் கசிவு, கன அளவுப் பிழை, அமுக்கக் காரணி ஆகிய மூன்றில் ஒன்று. நாலாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் பார்ப்பதில்லை: கலன் மூடியில் உள்ள ரப்பர் ஓ-ரிங். ரப்பரும் பிளாஸ்டிக்கைப் போல நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பாலிமர்தான், கார்பன் டை ஆக்சைடு அதில் எல்டிபிஇயைவிட அதிகமாகவே கரையலாம். செம்பு அல்லது நிக்கல் வளையம் போடுங்கள்.

நேரம்: 50 மைக்ரான் எல்டிபிஇ இரு பக்கமும் திறந்திருந்தால் ஒரு நிமிடத்திலேயே நிறைந்துவிடும். ஆனால் வாயு விரியும்போது குளிர்வதால் முதல் சில நிமிட அழுத்தத்தை நம்ப முடியாது. அரைமணி காத்திருங்கள். அழுத்தத்தோடு நீர்த்தொட்டி வெப்பத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். 7 பாரில் ஒரு டிகிரி மாறினால் அழுத்தம் 0.024 பார் மாறும். மின்வெட்டில் தொட்டி ஆறினால் அந்த ஓட்டத்தை (அந்த ஒருமுறை அளவீட்டை) தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

நைட்ரஜனுக்கு இதே ஏற்பாடு உதவாது. அதே 5 கன செ.மீ. தாளில் நைட்ரஜன் ஏற்படுத்தும் கூடுதல் குறைவு 0.034 பார், உங்கள் டிரான்ஸ்டூசரின் பிழையே 0.01 பார். விலை கூடிய டிரான்ஸ்டூசர் வாங்குவதற்கு முன்னால் கலன்களில் உள்ள காலி இடத்தைக் குறையுங்கள். முதல் கலனை 8 கன செ.மீ. ஆக்கி, இரண்டாம் கலனை 10 கன செ.மீ. பாலிமரால் கிட்டத்தட்ட நிரப்பினால், அதே நைட்ரஜன் 0.2 பார் குறைவைத் தரும். ஆறு மடங்கு. அவ்வளவு பிளாஸ்டிக்கை மெல்லிய தாளாக அடைப்பது கடினம் என்றால் 1 மி.மீ. தகடுகளாக அழுத்தி, இடையில் மெல்லிய கம்பி வைத்து அடுக்கலாம். நிறைய ஐந்து மணி நேரம் விடுங்கள். ஆனால் தகடு ஆறிய வேகம் தாளிலிருந்து வேறாக இருந்தால் படிகப் பகுதியின் அளவு மாறும். வாயு படிகத்துக்குள் போகாது. கரைதிறனும் அதற்கேற்ப மாறும். அடர்த்தியை இரண்டுக்கும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கசிவுக்கு ஒரு விதி: நைட்ரஜன் அடைத்து வால்வுகளை மூடி ஓர் இரவு விட்டால் குறையும் அழுத்தத்தை, உங்கள் ஓட்ட நேரத்துக்கு விகிதமாக்குங்கள். எதிர்பார்க்கும் குறைவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஃபிட்டிங்குகளை மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி (ஜெர்மிஸ்டன்): டர்பன் கிளையில் நன்றாக வேலை செய்த இப்படிப்பட்ட கருவியை இங்கே கொண்டுவந்தோம். அதே தாள், அதே சிலிண்டர். கரைதிறன் எல்லாம் 15 விழுக்காடு குறைந்து வருகிறது. கசிவு இல்லை.

பதில்: டிரான்ஸ்டூசரின் முத்திரைத் தகட்டைப் பாருங்கள். அது சுற்றுக் காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்று காட்டும் வகையாக இருக்கும். கணக்குத் தாளில் டர்பனில் போட்ட 1.01ஐ அப்படியே கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஜெர்மிஸ்டனில் அது 0.83 ஆக வேண்டும். அந்த 0.18 பார் இரண்டு அழுத்தங்களிலும் ஏறிக்கொள்வதால் 10 பார் ஓட்டத்தில் சரியாக இந்த 15 விழுக்காடு குறையும். தினமும் பாரோமீட்டர் பார்த்து எழுதலாம்; முழு அழுத்தம் காட்டும் வகைக்கு மாறிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தை எடுக்காதீர்கள், அது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நல்ல தராசு இருக்கும்போது இந்தக் கலன்களெல்லாம் எதற்கு? தாளை வாயுவில் வைத்து எடை கூடுவதைப் பார்த்தால் போதாதா?

பதில்: வாயுவுக்குள்ளேயே நிறுக்கும் தராசாக இருந்தால் செய்யலாம், ஆனால் மிதப்பு விசையைத் திருத்தாமல் எதுவும் சொல்ல முடியாது. 10 பார் கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 18.7 கிராம். 5 கன செ.மீ. எல்டிபிஇயை அது 93 மில்லிகிராம் தூக்கிப் பிடிக்கும். கரைந்த வாயுவின் எடையோ 25 மில்லிகிராம்தான். தராசு, தாள் 68 மில்லிகிராம் இளைத்துவிட்டது என்று காட்டும். தாளின் கன அளவு தெரிந்தால்தான் அந்த 93ஐக் கூட்டி உண்மையைப் பெறலாம். ஆகவே ஹீலியம் வேலை இங்கேயும் தப்பாது.

கலனைத் திறந்து தாளை எடுத்து மேசைத் தராசில் வைக்கும் வழி எல்டிபிஇக்கு ஆகவே ஆகாது. ஒரு நிமிடத்தில் நிறைவது ஒரு நிமிடத்தில் வெளியேறியும் விடும். பெட் (தண்ணீர்ப் பாட்டில் செய்யும் PET பிளாஸ்டிக்) தாளுக்கு அந்த வழி ஓரளவு ஆகும். 100 மைக்ரான் பெட் தாள் நிறைய ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும், காலியாகவும் அப்படியே. எடுத்த கணத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடையைக் குறித்து, கழிந்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து, கோட்டைச் சுழிய நேரத்துக்கு நீட்டுங்கள். கலனின் அழுத்தத்தை ஒரேயடியாக விடாதீர்கள். தாளில் கொப்புளம் வரும்.

கேள்வி (வெஸ்ட்வில், மாணவி): ஊடுருவலை அளக்கும்போது கிடைக்கும் தாமத நேரத்திலிருந்தே கரைதிறனைக் கணக்கிடலாம் என்று படித்தேன். அது நேரடியாக அளப்பதற்கு ஈடாகுமா?

பதில்: வாயு முதலில் தாளில் கரைந்து, பிறகு பரவி, மறுபக்கம் வெளியேறுகிறது என்று வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1866இல் சொன்னதுதான் இதற்கு அடிப்படை. ஊடுருவுதிறன் என்பது பரவுதிறனும் கரைதிறனும் பெருக்கியது. தாமத நேரம், அதாவது வாயு மறுபக்கம் சீராக வெளிவர ஏற்படும் தாமதம், தடிமனின் வர்க்கத்தைப் பரவுதிறனின் ஆறு மடங்கால் வகுத்தது. டெய்ன்ஸ் 1920இல் காட்டிய இந்த வழியை வேதியியலாளர் பேரர் 1939இல் பாலிமர்களுக்கும் வாயுக்களுக்கும் நிலைநிறுத்தினார். ஒரே ஓட்டத்தில் மூன்று எண்ணும் கிடைப்பது இதன் பெரிய பலம். ரப்பருக்கும் எல்டிபிஇக்கும் தாராளமாக நம்பலாம்.

ஆனால் 50 மைக்ரான் எல்டிபிஇயில் ஆக்சிஜனின் தாமதம் 9 விநாடிதான். வால்வைத் திறக்கும் கையசைவே ஒரு விநாடி. 200 மைக்ரான் தாள் எடுத்தால் தாமதம் 145 விநாடியாகும், அதை நிம்மதியாக அளக்கலாம். தடிமனைப் பத்து இடங்களில் மைக்ரோமீட்டரால் பாருங்கள். அதில் 5 விழுக்காடு பிழை பரவுதிறனில் 10 ஆகவும் கரைதிறனில் 5 ஆகவும் ஏறும். பல அடுக்குத் தாள்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. வாயுவைப் பிடித்துவைக்கும் நிரப்புப்பொருள் கலந்த தாளிலும், பெட் போன்ற கண்ணாடி நிலைப் (கண்ணாடிபோல இறுகி நிற்கும்) பாலிமரிலும் தாமதத்திலிருந்து வரும் கரைதிறனும் நேரடியாக அளந்ததும் ஒத்துப்போகாது. அங்கே நேரடி அளவைத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): பெட் தாளில் கார்பன் டை ஆக்சைடை 1 பாரிலிருந்து 10 பார் வரை அளந்தோம். புள்ளிகள் நேர்கோட்டில் வரவில்லை, வளைகின்றன. மறுநாள் அதே தாளை அளந்தால் எல்லாப் புள்ளியும் மேலே ஏறியிருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். பெட் அறை வெப்பத்தில் கண்ணாடி நிலையில் இருக்கிறது. அது இளகுவது 70, 80 டிகிரியை ஒட்டித்தான். இந்த நிலையில் பாலிமருக்குள் உறைந்துபோன நுண் இடைவெளிகள் உண்டு. வாயுவில் ஒரு பகுதி சாதாரணமாகக் கரைகிறது, அது அழுத்தத்துக்கு நேர்விகிதம். மற்றொரு பகுதி அந்த இடைவெளிகளில் உட்காருகிறது; அவை நிரம்ப நிரம்ப அந்தப் பங்கு ஒரு எல்லையில் நின்றுவிடும். அதனால் கோடு முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு சாய்ந்து நேராகும். எல்டிபிஇபோல ஒரே கரைதிறன் எண்ணை இதற்குச் சொல்லக் கூடாது. 1 பாரில் மட்டும் அளந்து பத்தால் பெருக்கினால் மிகையான எண் வரும். நேர்விகித மாறிலி, இடைவெளிகளின் கொள்ளளவு, அவற்றின் பிடிப்பு மாறிலி ஆகிய மூன்றையும் பொருத்தி எடுக்க வேண்டும். வளைவு இருக்கும் 1 முதல் 4 பார் வரை புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள்.

மறுநாள் ஏறியதற்குக் காரணம், முதல் நாள் 10 பாரில் தாள் சற்று வீங்கியது. வாயு போன பிறகும் கண்ணாடி நிலைப் பாலிமர் உடனே பழைய இடத்துக்குத் திரும்பாது, கூடுதல் இடைவெளியோடு நிற்கும். புதிய தாளின் எண் வேண்டுமானால் எப்போதும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மேலே மட்டும் போங்கள், இறங்கி வந்து இடையில் புள்ளி சேர்க்காதீர்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுத் துண்டு எடுங்கள். பலமுறை பயன்படும் பொருளின் எண் வேண்டுமானால், முதலில் உச்ச அழுத்தத்தில் ஒரு நாள் வைத்து, வெற்றிடமாக்கி, அதன்பிறகு அளவுகளைத் தொடங்குங்கள். எந்த வழியானாலும் தாள் எந்த அழுத்தத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொருவர் அதே சுருளிலிருந்து வெட்டி அளந்து வேறு எண் பெறும்போது, மாறியது தாளா, அளந்த முறையா என்று பிரித்தறிய முடியாது.